பலகையைப் பெயர்த்தவள்

1794ஆம் ஆண்டில், தென் பசிபிக் கடலின் ஒரு சின்னத் தீவில், ஒரு பெண் தான் குடியிருந்த வீட்டின் பலகைகளைப் பெயர்த்தாள். படகு கட்டுவதற்காக. வீடு போனால் போகட்டும், தீவைவிட்டுப் போய்விட வேண்டும் என்பதில் அவள் அவ்வளவு உறுதியாக இருந்தாள். அவளோடு இருந்த மற்றப் பெண்களும் அதையே விரும்பினார்கள். படகு தயாரானது. கடலில் இறக்கினார்கள். இறக்கிய இடத்திலேயே கவிழ்ந்தது.

இதை எழுதிவைத்தவர் அந்தத் தீவில் அப்போது உயிரோடிருந்த நான்கு ஆங்கிலேயர்களில் ஒருவரான எட்வர்ட் யங். அவருடைய நாட்குறிப்பின் சில பகுதிகளைப் பின்னாளில் அங்கு வந்த பீச்சி என்ற கப்பல் தலைவர் படித்து, 1831இல் தன் பயண நூலில் சேர்த்தார். அந்தப் படகு கவிழ்ந்தது பெண்களின் நல்லதிர்ஷ்டம் என்பது பீச்சியின் கருத்து. அத்தனை பெரிய கடலில் அவர்கள் எங்கே போயிருக்க முடியும்? அவர் கேட்டது நியாயமான கேள்விதான். ஆனால் அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. சாவு நிச்சயம் என்று தெரிந்தும் அந்தக் கடலே மேல் என்று பத்துப் பெண்களை நினைக்க வைத்த கரை எப்படிப்பட்டது?

தீவின் பெயர் பிட்கெய்ன். பரப்பு ஐந்து சதுர கிலோமீட்டருக்கும் சற்றுக் குறைவு. கடலிலிருந்து செங்குத்தாக எழும் எரிமலைப் பாறை. துறைமுகம் கிடையாது. மக்கள் வாழும் மிக அருகிலுள்ள தீவான மங்கரேவா 500 கிலோமீட்டருக்கும் அப்பால். தாஹித்தி 2,000 கிலோமீட்டரைத் தாண்டி, நியூசிலாந்து 5,000 கிலோமீட்டரைத் தாண்டி. இன்று அங்கே வாழ்பவர்கள் ஐம்பது பேருக்கும் குறைவு. அவர்களில் பெரும்பாலோர் 1790 ஜனவரியில் அங்கே வந்திறங்கிய ஒரு கப்பல் கூட்டத்தின் வழித்தோன்றல்கள்.

கப்பலின் கதை உலகம் அறிந்தது. மேற்கிந்தியத் தீவுகளின் தோட்டங்களில் அடிமைகளுக்கு மலிவாகச் சோறு போட, தாஹித்தியிலிருந்து ஈரப்பலாக் கன்றுகளை எடுத்துச்செல்ல பிரிட்டன் அனுப்பிய ‘பவுன்ட்டி’. தலைவர் வில்லியம் பிளை. 1789 ஏப்ரல் 28 அன்று ஃப்ளெச்சர் கிறிஸ்டியன் தலைமையில் மாலுமிகள் கலகம் செய்து, பிளையையும் அவரோடு 18 பேரையும் ஒரு திறந்த படகில் இறக்கிவிட்டார்கள். இதை வைத்து எத்தனையோ புத்தகங்கள் வந்துவிட்டன. கிளார்க் கேபிளும் மார்லன் பிராண்டோவும் மெல் கிப்ஸனும் ஆளுக்கொரு முறை கிறிஸ்டியனாக நடித்துவிட்டார்கள். கொடுங்கோல் தலைவன், கிளர்ந்தெழுந்த இளைஞன், சுதந்திரம், சொர்க்கத் தீவு. பெண்கள்? அவர்கள் பூச்சூடிப் புன்னகைத்தபடி கரையில் நிற்பார்கள். காதலுக்காகத் தாமாகவே கப்பலேறி வருவார்கள்.

பலகையைப் பெயர்த்தவள் அப்படிச் சொல்லவில்லை. அவள் பெயர் தேஹுதெயாதுவாஓனோவா. மாலுமிகளுக்கு வாயில் நுழையாததால் ஜென்னி என்றார்கள். அவள் வாக்குமூலம் அந்தப் பெயரில்தான் அச்சேறியது என்பதால் நானும் வேறு வழியின்றி அப்படியே குறிப்பிடுகிறேன். பிட்கெய்னுக்கு வந்த பெண்களிலேயே முதன்முதலில் வெளியுலகத்திடம் பேசியவள் அவள்தான். 1817இல் அங்கு வந்த ‘சுல்தான்’ என்ற அமெரிக்கத் திமிங்கில வேட்டைக் கப்பலில் ஏறித் தீவைவிட்டு வெளியேறினாள். அவளுக்குப் பிள்ளைகள் இல்லை. பல இடம் சுற்றித் தாஹித்தி போய்ச் சேர்ந்தாள். அவள் சொன்னது 1819 ஜூலையில் ‘சிட்னி கெஸட்’ இதழில் வந்தது. பின்னர் தாஹித்தி மொழி தெரிந்த பீட்டர் டில்லன் என்ற வணிகக் கப்பல் தலைவர் அவளிடம் மீண்டும் விரிவாகக் கேட்டு எழுதியது 1826இல் கல்கத்தாவின் ‘பெங்கால் ஹர்காரு’ பத்திரிகையிலும், 1829இல் லண்டனிலும் வெளியானது. ஆக, பவுன்ட்டி கதை சாகசக் கதையாக உறைந்துபோவதற்கு முன்பே ஒரு பெண்ணின் சாட்சியம் மூன்று நகரங்களில் அச்சில் இருந்தது. கிடைக்கவில்லை என்று எவரும் சொல்ல முடியாது.

அவள் சொன்னதன் சாரம் இது. 1789 செப்டம்பரில் பவுன்ட்டி தாஹித்திக்குத் திரும்பி வந்தது. வழக்கம்போலப் பெண்கள் கப்பலுக்கு வந்துபோனார்கள். ஓரிரவு, அவர்கள் உள்ளே இருக்கும்போதே, நங்கூரக் கயிறு அறுக்கப்பட்டது. கப்பல் கடற்கரையோரமாக வேறிடம் போகிறது என்றுதான் அவர்கள் நினைத்தார்கள். விஷயம் புரிந்தபோது ஒருத்தி கடலில் குதித்துக் கரைக்கு நீந்திவிட்டாள். அடுத்திருந்த மூரேயா தீவில் ஆறு பெண்கள் இறக்கிவிடப்பட்டார்கள். கருணையால் அல்ல, வயது அதிகம் என்பதால். மிச்சமிருந்தவர்கள் 12 பேர், ஒரு கைக்குழந்தை. காதல் பயணம் என்று திரைப்படங்கள் காட்டியதற்கு நம் ஊர் வழக்கில் பெயர் ஆள்கடத்தல்.

இந்தப் பன்னிரண்டு பேரும் ஒரே மாதிரி வந்தவர்கள் என்று நான் சொல்லவில்லை. கிறிஸ்டியனோடு வாழ்ந்த மவுவாதுவா போன்ற சிலருக்கு ஏற்கெனவே இந்த ஆண்களோடு உறவு இருந்தது. ஜென்னியே முதலில் அலெக்சாண்டர் ஸ்மித் என்ற மாலுமியோடு இருந்தவள். அவள் இடது கையில் அவனுடைய முதலெழுத்துகளும் 1789 என்ற ஆண்டும் பச்சை குத்தப்பட்டிருந்தன. தீவுக்கு வந்தபோதோ அவள் ஐசக் மார்ட்டினின் பங்காக இருந்தாள். அந்த ஸ்மித்தான் பிற்காலத்தில் ஜான் ஆடம்ஸ் என்ற பெயரில் தீவின் தந்தையாகப் புகழ்பெற்றவன். தந்தையின் பழைய பெயர் அவள் தோலில் இருந்தது. அவள் பெயர் தீவின் எந்தப் பள்ளிப்பாடத்திலும் தலைப்பாகவில்லை.

‘பங்கு’ என்ற சொல்லை யோசித்துத்தான் போட்டேன். தீவில் இறங்கியபோது ஆங்கிலேயர்கள் 9 பேர், தாஹித்தி முதலான தீவுகளைச் சேர்ந்த ஆண்கள் 6 பேர், பெண்கள் 12 பேர். நிலம் ஒன்பதாகப் பிரிக்கப்பட்டது, ஆங்கிலேயர்களுக்கு மட்டும். பெண்களும் ஆங்கிலேயர் ஒவ்வொருவருக்கும் ஒருத்தி. மீதி மூன்று பெண்கள் ஆறு பாலினேசிய ஆண்களுக்கும் பொது. வெள்ளையருக்கு முழுப் பெண், கறுப்பருக்கு அரைப் பெண் என்ற இந்தக் கணக்கில் இனமும் சொத்தும் பெண்ணுடலும் ஒரே கயிற்றில் கட்டப்பட்டுவிட்டன. அந்தக் கயிறு சீக்கிரமே கழுத்தை இறுக்கியது. வந்த கொஞ்ச காலத்திலேயே ஆங்கிலேயரோடு வாழ்ந்த இரண்டு பெண்கள் இறந்தார்கள். ஒருத்தி நோயில், ஒருத்தி கடற்பறவை முட்டை எடுக்கப் போய்ப் பாறையிலிருந்து விழுந்து. உடனே அந்த ஆங்கிலேயர்கள் பாலினேசிய ஆண்களின் பெண்களை எடுத்துக்கொண்டார்கள். தோஃபைத்தி என்பவள் அப்படித்தான் ஜாக் வில்லியம்ஸின் வீட்டுக்குப் போனாள். வரலாற்று நூல்கள் இதை ‘பெண்களால் வந்த சண்டை’ என்று எழுதும். ராமாயணம், பாரதம் தொட்டு நமக்கும் பழகிய வாக்கியந்தான். எடுத்துக்கொண்டவன் மேல் அல்லாமல் எடுத்துக்கொள்ளப்பட்டவள் மேல் பழி விழும் வகையில் இந்த வாக்கியம் எல்லா மொழிகளிலும் கச்சிதமாக அமைந்துவிடுகிறது.

1793 செப்டம்பரில் பாலினேசிய ஆண்கள் கிளர்ந்தெழுந்து, கிறிஸ்டியன் உட்பட ஐந்து ஆங்கிலேயர்களைக் கொன்றார்கள். சில நாள்களில் அந்த ஆண்களும் ஒருவர் விடாமல் கொல்லப்பட்டார்கள். இதில் பெண்களின் கையும் இருந்தது. யங்கோடு வாழ்ந்த தெராவுரா, பன்னிரண்டு பேரில் மிக இளையவள், தூங்கிக்கொண்டிருந்த ஒருவனைக் கோடரியால் வெட்டினாள் என்கிறது தீவின் செவிவழி வரலாறு. தம் மொழி பேசிய ஆண்களைவிட்டுத் தம்மைக் கடத்திவந்தவர்களின் பக்கம் அவர்கள் ஏன் நின்றார்கள்? பிள்ளைகளின் தகப்பன்மார் அவர்கள் என்பதாலா, ஆங்கிலேயரிடம் துப்பாக்கி இருந்ததாலா, இல்லை கொல்லப்பட்டவர்கள் மேல் உண்மையான பாசமா? எல்லாமாகவும் இருக்கலாம். இந்தப் பெண்களை வெறும் பலியாட்களாக மட்டும் எழுதிவிட்டுப் போனால் நமக்கு வசதி. ஆனால் கோடரி அந்த வசதிக்கு இடம் தரவில்லை.

அடுத்த ஆண்டின் நாட்குறிப்புதான் எனக்கு மிக முக்கியமானது. நான்கு ஆண்கள், பத்துப் பெண்கள், பிள்ளைகள். யங் ஒருநாள் ஜென்னியின் கையில் ஒரு மண்டையோட்டைப் பார்க்கிறார். வில்லியம்ஸுடையது. புதைத்துவிடச் சொல்கிறார். பெண்கள் முடியாது என்கிறார்கள். கொல்லப்பட்ட ஐந்து பேரின் தலைகளும் அவர்களிடம் இருந்தன. ஆங்கிலேயருக்கு இது காட்டுமிராண்டித்தனம். தாஹித்தியிலோ இறந்தவரின் மண்டையோட்டைக் குடும்பத்தார் காத்துவைப்பது துக்கத்தின் ஒரு வழி. இறந்தவர்களுக்கு எப்படி அழுவது என்பதையாவது தாங்களே முடிவுசெய்வோம் என்று அவர்கள் நின்ற இடம் அது. பல மாதம் நடந்த இழுபறிக்குப் பின் அதையும் விட்டுக்கொடுக்க நேர்ந்தது.

பிறகுதான் படகு. படகு கவிழ்ந்த பின், நவம்பரில், ஆண்கள் தூங்கும்போது அவர்களைக் கொல்லப் பெண்கள் போட்ட திட்டம் வெளிப்பட்டது. பிடிபட்டார்கள். இனி நடக்காது என்று சொல்லி விடுபட்டார்கள். அதே மாதக் கடைசியில் மறுபடி தாக்கினார்கள். தவறு செய்யும் முதல் பெண்ணைக் கொன்றுவிடுவது என்று ஆண்கள் தமக்குள் ஒரு தீர்மானம் போட்டுக்கொண்டார்கள். பெண்கள் துப்பாக்கிகளோடு தீவின் ஆளில்லாத பகுதிகளுக்குப் போய்ப் பதுங்குவதும் திரும்புவதுமாக இருந்தார்கள். இந்த இரண்டு மூன்று பக்கங்களை வைத்து இதுவரை ஹாலிவுட் ஒரு படமும் எடுக்கவில்லை. கப்பலில் நடந்தால் கலகம், வீட்டில் நடந்தால் ரகளை என்று பெயர்.

அதன்பின் ஆண்கள் தாமாகவே குறைந்தார்கள். மெக்காய் ஒரு செடியின் கிழங்கிலிருந்து சாராயம் காய்ச்சக் கற்றுக்கொண்டு, போதையில் பாறையிலிருந்து விழுந்து செத்தான். குவின்டலோடு வாழ்ந்த தெவாருவாவும் பாறையிலிருந்து விழுந்து இறந்தாள். அவன் அடுத்தவர் மனைவியைக் கேட்கத் தொடங்கியதும் யங்கும் ஆடம்ஸும் அவனைக் கோடரியால் தீர்த்தார்கள். யங் 1800இல் ஆஸ்துமாவில் இறந்தார். வந்த 15 ஆண்களில் நோயால் இறந்த முதல் ஆள் அவர்தான். மிஞ்சியது ஒரே ஒருவன், ஜான் ஆடம்ஸ்.

1808இல் மேஹியூ ஃபோல்ஜர் என்ற அமெரிக்கக் கப்பல் தலைவர் தற்செயலாகத் தீவைக் கண்டபோது அங்கே 35 பேர் இருந்தார்கள். ஒரு ஆண், மற்றவர்கள் பெண்களும் பிள்ளைகளும். பிள்ளைகள் ஆங்கிலம் பேசினார்கள், பைபிள் வாசித்தார்கள், ஜெபம் செய்தார்கள். உலகம் உருகிப்போனது. கொலைகாரக் கலகக்காரன் ஒருவன் திருந்தி, தனியாளாக நின்று ஒரு பக்திச் சமூகத்தை வளர்த்தெடுத்தான் என்ற கதை பிறந்தது. தீவின் ஒரே ஊருக்கு இன்றுவரை ஆடம்ஸ்டவுன் என்றுதான் பெயர்.

தனியாளாக! அத்தனை பிள்ளைகளுக்குச் சோறு எங்கிருந்து வந்தது? மண்ணில் குழி தோண்டி, கல்லைச் சூடாக்கி, வாழையிலையில் பொதிந்து சுடும் சமையல் எந்த ஆங்கில மாலுமிக்குத் தெரியும்? வாழைக்காயையும் கிழங்கையும் துருவி இலையில் சுட்டெடுக்கும் ‘பில்ஹாய்’ இன்றும் அந்தத் தீவின் உணவு. துணி எங்கிருந்து வந்தது? முசுக்கட்டை இனத்து மரமொன்றின் பட்டையை உரித்து, ஊறவைத்து, வரிவரியாகப் பள்ளம் வெட்டிய மரக்கட்டையால் நாள்கணக்கில் அடித்து அடித்து விரித்தால்தான் ‘தப்பா’ துணி கிடைக்கும். உடையும் படுக்கையும் போர்வையும் அதுதான். மவுவாதுவாவின் கைவேலை என்று அறியப்படும் தப்பா துணி இன்று பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது. அவள் எழுதிய ஒரு வரியும் நமக்குக் கிடைக்கவில்லை, அடித்த துணி கிடைத்திருக்கிறது. தீவின் பேச்சுமொழியான பிட்கெர்னில் ஆங்கிலமும் தாஹித்தியும் கலந்து கிடக்கின்றன. அதில் செடி கொடிக்கும் மீனுக்கும் சாப்பாட்டுக்குமான சொற்களில் பெரும்பகுதி அம்மாக்களுடையது. பைபிள் வாசிக்கக் கற்றுக்கொடுத்தது ஆடம்ஸ். அதுவரை உயிரோடு வைத்திருந்தது யார் என்பதுதான் கேள்வி.

1825இல் பீச்சி அங்கே வந்தபோது கண்ட காட்சி இது. ஆண்கள் சாப்பிட்டு முடிக்கும்வரை பெண்கள் சாப்பிடவில்லை. பின்னால் நின்று ஈ ஓட்டிக்கொண்டு பேச்சில் மட்டும் கலந்துகொண்டார்கள். ஏன் இப்படி என்று விருந்தினர்கள் கேட்டபோது, ஆணைத்தானே கடவுள் முதலில் படைத்தார், அவனுக்குத்தான் முதலில் பரிமாற வேண்டும் என்று பதில் வந்ததாம். ஆண்களோடு பெண்கள் சேர்ந்துண்ணக் கூடாது என்ற விலக்கு தாஹித்தியிலும் இருந்ததுதான். அங்கே அது 1815 வாக்கில் உடைந்துபோனது. பிட்கெய்னில் அதற்குப் புது மதத்தின் நியாயம் கிடைத்து நிலைத்தது. பழைய கட்டுக்கும் புதிய வேதத்துக்கும் பெண்ணைப் பந்தியில் கடைசியாக உட்காரவைப்பதில் மட்டும் கருத்து வேறுபாடு வருவதில்லை.

இவ்வளவுக்குப் பிறகு 1838இல் நடந்ததைப் படிக்கும்போது ஒரு கணம் நிமிர்ந்து உட்காரத் தோன்றும். அந்த ஆண்டு நவம்பரில் ‘ஃப்ளை’ என்ற போர்க்கப்பலின் தலைவர் ரஸல் எலியட் தீவுக்கு ஒரு சட்டம் வகுத்துக்கொடுத்தார். ஆண்டுதோறும் நீதித்தலைவரைத் தேர்ந்தெடுக்கும் வாக்குரிமை, தீவில் பிறந்த அல்லது ஐந்தாண்டு வாழ்ந்த, 18 வயது நிரம்பிய ஆண் பெண் இருபாலருக்கும் உண்டு. நியூசிலாந்துப் பெண்கள் வாக்குப் பெற 1893 வரை, பிரிட்டனில் ஒரு பகுதிப் பெண்களே 1918 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அப்போது மவுவாதுவாவும் தெராவுராவும் உயிரோடிருந்தார்கள். கடத்திவரப்பட்ட பெண்கள் முதுமையில் வாக்காளர்களானார்கள். 1856இல் இடம் போதாமல் தீவினர் நார்ஃபோக் தீவுக்குக் குடிபெயர்ந்தபோதும் அந்த உரிமை கூடவே போனது. சில குடும்பங்கள் 1859இலும் 1864இலும் திரும்பிவந்தன. பெண்ணிய வரலாறுகளில் பிட்கெய்ன் ஒரு பெருமைமிகு அடிக்குறிப்பாக இடம்பெறுவது இந்த 1838ஆல்தான். எனக்கும் அந்தப் பெருமை பிடித்திருந்தது, 2004 பற்றிப் படிக்கும்வரை.

1999இல் பிரிட்டனிலிருந்து தற்காலிகமாகத் தீவுக்கு வந்திருந்த ஒரு பெண் போலீஸ் அதிகாரி இருந்தபோது ஒரு 15 வயதுச் சிறுமியின் புகார் வெளிவந்தது. அதைத் தொடர்ந்து, அந்தத் தீவில் வளர்ந்து பின் நியூசிலாந்திலும் ஆஸ்திரேலியாவிலும் வேறு நாடுகளிலும் வாழ்ந்த பெண்களை விசாரணையாளர்கள் தேடிப் போனார்கள். நாற்பது ஆண்டு நீளத்துக்குக் குற்றங்கள் வெளிவந்தன. 12, 13 வயதுச் சிறுமிகள், அதற்கும் குறைந்த வயதினர். 2004 செப்டம்பர் கடைசியில் ஆடம்ஸ்டவுனிலேயே வழக்கு நடந்தது. அப்போது தீவில் இருந்தவர்கள் ஐம்பதுக்கும் குறைவு. ஏழு ஆண்கள் மீது குற்றச்சாட்டு, அக்டோபரில் ஆறு பேருக்குத் தண்டனை. அவர்களில் ஒருவர் தீவின் மேயர்.

வழக்கில் வைக்கப்பட்ட வாதங்களைக் கவனியுங்கள். எங்கள் முன்னோர் 1790இல் பவுன்ட்டியைக் கொளுத்தியபோதே பிரிட்டனோடான உறவைத் துண்டித்துவிட்டார்கள், எனவே பிரிட்டிஷ் சட்டம் எங்களைக் கட்டுப்படுத்தாது என்பது ஒன்று. லண்டனில் பிரிவி கவுன்சில் 2006இல் அதைத் தள்ளுபடி செய்தது. ஒவ்வொரு ஜனவரி 23 அன்றும் தீவினர் பவுன்ட்டியின் மாதிரியைக் கொளுத்தி விழா எடுக்கிறார்கள். அந்தக் கப்பல் எரிந்தபோது வீடு திரும்பும் ஒரே வழி எரிந்துபோன பெண்கள் பன்னிரண்டு பேர் கரையில் நின்றிருந்தார்கள். அந்த நெருப்பையே, அவர்களின் வழிவந்த சிறுமிகளுக்கு நீதி மறுக்க ஆதாரமாகக் காட்டினார்கள்.

இன்னொரு வாதம் நீதிமன்றத்துக்கு வெளியே வந்தது, அதுவும் தீவின் பெண்கள் சிலரிடமிருந்தே. சின்ன வயதிலேயே உடலுறவு எங்கள் வழக்கம், பாலினேசிய மரபு, யாரும் யாரையும் கட்டாயப்படுத்தவில்லை என்று பத்திரிகையாளர்களைக் கூட்டிச் சொன்னார்கள். அவர்களைக் கடிந்துகொள்ள எனக்கு மனம் வரவில்லை. ஐம்பது பேர் வாழும் இடத்தில் குற்றவாளி உன் அண்ணன், மாமன், அடுத்த வீட்டுக்காரன், உன் படகை ஓட்டுபவன். துறைமுகமில்லாத அந்தத் தீவுக்கு அரிசி மூட்டையும் மருந்தும் வர வேண்டுமானால், அலையில் நீளப்படகை இறக்கித் தூரத்தில் நிற்கும் கப்பல்வரை போக வேண்டும். அதைச் செய்பவர்கள் திடகாத்திரமான ஆண்கள். இவர்களை அடைத்துவிட்டால் படகை யார் இறக்குவது, தீவே அழிந்துவிடாதா என்று உலகப் பத்திரிகைகளும் கேட்டன. ஊர் நிலைக்க வேண்டுமானால் சிறுமிகள் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்பதுதான் அந்தக் கேள்வியின் உட்பொருள்.

ஆனால் ‘பாலினேசிய மரபு’ என்ற சொல்லை மட்டும் விட முடியாது. அந்தத் தீவுக்கு வந்த பாலினேசியப் பெண்கள் இதைப் பற்றி என்ன நினைத்தார்கள் என்பதற்கு ஆவணம் இருக்கிறது. ஒருத்தி கடலில் குதித்தாள். ஒருத்தி பலகையைப் பெயர்த்தாள். பத்துப் பேர் துப்பாக்கியோடு காட்டில் பதுங்கினார்கள். எங்கள் மரபு இதுதான் என்று கை காட்டுவதற்குத் தீவில் ஏதாவது இருந்தால் அது இவையல்லவா? அந்த ஆவணத்தை ஒரு சாகசக் கதை இருநூறு ஆண்டுகளாக மூடிவைத்திருந்தது. பக்திமான்களின் சொர்க்கம் என்று பெயர் வாங்கிய தீவில் இப்படி நடக்கும் என்று நினைக்க வெளியே யாருக்கும் தோன்றவில்லை. ஆண்டுக்கொரு முறை வாக்குச்சீட்டு கையில் வந்துகொண்டிருந்ததும் அந்தச் சிறுமிகளுக்கு உதவவில்லை. வாக்கு ஒரு நாள் கையில் இருக்கும். படகு எல்லா நாளும் ஆண்கள் கையில் இருந்தது.

2004இல் சாட்சி சொன்ன பெண்களில் பெரும்பாலோர் தீவுக்கு வரவில்லை. ஆக்லாந்தில் ஒரு அறையில் கேமரா முன் உட்கார்ந்து சொன்னார்கள். அவர்கள் குரல் 5,000 கிலோமீட்டருக்கும் மேல் கடலைக் கடந்து, செயற்கைக்கோள் வழியாக ஆடம்ஸ்டவுனின் சின்ன மண்டபத்தில் கேட்டது. ஜென்னியும் தீவில் இருந்தவரை பேசவில்லை. திமிங்கிலக் கப்பலேறி, உலகின் பாதியைச் சுற்றி, தன் கரையில் கால் வைத்த பிறகுதான் சொன்னாள். டில்லன் கேட்டெழுதியபோது, தீவில் இறங்கி முப்பத்துச் சொச்சம் ஆண்டுகள் ஆகியிருந்தன. எந்த வீட்டின் பலகையைப் பெயர்த்தோம் என்பதுகூட அவளுக்கு அப்போது நினைவில் இருந்திருக்கும்.